குழாயை விட்டு வராத சோப்பு

வீட்டில் சோப்பு செய்யும்போது பி.வி.சி. குழாயையே அச்சாக வைத்து ஊற்றுவதைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வருவது இதுதான்: “அச்சுக்குக் காசே செலவில்லை, மிச்சம் கிடக்கிற குழாய்த் துண்டு போதும்.” இந்தப் பேச்சு எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொய் என்று சொல்லிவிட முடியாது. குழாய் மிச்சம் கிடக்கத்தான் செய்கிறது, சோப்பும் அதில் உறையத்தான் செய்கிறது, வட்ட வட்டமாக வெட்டி அடுக்கினால் பார்க்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் ஊற்றியதோடு கதை முடிந்துவிடுகிற மாதிரி சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஊற்றுவது ஐந்து நிமிட வேலை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அந்தச் சோப்பை வெளியே எடுக்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான் ஃப்ரீசரில் இடம், வெந்நீர், உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு கட்டை, தோள்பட்டையில் பலம், குழாயைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் எல்லாம் தேவைப்படுகிறது. இத்தனையையும் கணக்கில் சேர்த்தால் பேசாமல் ஒரு மரப்பெட்டி செய்துகொள்ளலாமே என்று தோன்றும். நானும் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வந்தேன்: குழாய் வேண்டாம், பெட்டியில் ஊற்று.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. அதற்காகக் குழாய்தான் உசத்தி என்று கட்சி மாறிவிட்டேன் என்றும் இல்லை. குழாயைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்று படுகிறது, அவ்வளவுதான். பெட்டியில் நன்றாக வந்த அதே எண்ணெய்க் கணக்கை, அதே தண்ணீர் அளவை, அப்படியே கொண்டுபோய்க் குழாயில் கொட்டுகிறார்கள். வெளியே வரவில்லை என்றதும் குழாயோடு மல்லுக்கட்டுகிறார்கள். காகித டப்பா என்றால் கிழித்துப் போடலாம். சிலிக்கோன் என்றால் பிதுக்கி எடுக்கலாம். மரப்பெட்டி என்றால் உள்ளே விரித்த தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினால் போதும். குழாய் இதில் எந்தச் சலுகையும் தராது, சுற்றிலும் ஒரே சுவர், வளையாது, கிழியாது. அப்படி ஒன்றில் ஊற்றுவதென்றால் எண்ணெயை எடுத்து நிறுக்கும்போதே குழாயை மனதில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

இது எனக்குத் தெளிவானது வேறொருவர் குழாயை வைத்துத்தான்.

ஒட்டிக்கொள்வது வேறு, உறிஞ்சிப் பிடிப்பது வேறு

சோப்புப் பழகுகிற தோழி ஒருத்தி, என்னைவிட வயதில் சின்னவள், ஒரு குழாயைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். அடியில் எண்ட் கேப், அதாவது குழாய் முனையை அடைக்கும் மூடி, மாட்டி, ஒழுகிவிடக் கூடாது என்று குழாய் ஒட்டும் பசையையும் தாராளமாகத் தடவி நிரந்தரமாக அடைத்திருந்தாள். குழாயின் வெளிப்பக்கமெல்லாம் தட்டிய தழும்பு.

“அக்கா, நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும். ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வெச்சேன், சுடுதண்ணி ஊத்தினேன், தலைகீழாப் பிடிச்சுத் தட்டு தட்டுன்னு தட்டினேன். அசைய மாட்டேங்குது. பேசாம அறுத்துடலாமா?”

“அறுக்கிறதுன்னா எப்ப வேணா அறுக்கலாம். கொஞ்சம் இரு, பாப்போம்.”

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேல் முகத்தைக் கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, அதாவது சோப்பு நன்றாக இறுகிவிட்டது. விளிம்பைச் சுற்றிச் சோப்புக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. ஒரு தாளின் முனையை அதில் விட்டுப் பார்த்தேன், விரற்கடை ஆழத்துக்குத் தடையில்லாமல் போனது. அப்படியானால் குறைந்தபட்சம் மேலேயாவது சோப்பு சுவரை விட்டுவிட்டது. அப்புறம் ஏன் வரவில்லை? குழாயைக் கவிழ்த்து, மடித்த துண்டின் மேல் ஓங்கித் தட்டினேன். சோப்பு ஒரு நூல் அளவுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக மறுபடி உள்ளே போய்விட்டது.

அந்தப் பின்வாங்கல்தான் விஷயம். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் அசையாமல் இருக்கும், இல்லையென்றால் அசைந்த இடத்தில் நின்றுவிடும். வெளியே வந்துவிட்டு உள்ளே திரும்பிப் போகாது. திரும்பிப் போகிறது என்றால் உள்ளேயிருந்து ஏதோ இழுக்கிறது. மூடிக்கும் சோப்பின் அடிப்பகுதிக்கும் இடையே காற்று நுழைய வழியே இல்லை, பசை போட்டு அடைத்தாயிற்று. மேல் பக்கத்திலிருந்தும் காற்று போக முடியாது, நடுவில் ஈரச் சோப்பு சுவரை ஒட்டிப் படலமாக நின்று அடைத்துக்கொண்டிருக்கிறது. சோப்பு கொஞ்சம் நகர்ந்ததும் அடியில் வெற்றிடம் உண்டாகிறது, வெளியே இருக்கும் காற்று அதை உள்ளே தள்ளுகிறது. உள்விட்டம் 7 செ.மீ. உள்ள குழாய் என்றால் சோப்பின் முகம் கிட்டத்தட்ட 38 சதுர செ.மீ. வரும். ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்பது காற்றின் அழுத்தம். வெற்றிடம் முழுமையாக இருந்தால் கிட்டத்தட்ட 40 கிலோ எடை சோப்பின் மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நிஜத்தில் அவ்வளவு முழுமையான வெற்றிடம் வராது, பாதி வந்தாலே போதும், எந்தக் கையாலும் தட்டி எடுக்க முடியாது. அவள் ராத்திரி பூரா மல்லுக்கு நின்றது காற்றோடு.

மெல்லிய டிரில் பிட் ஒன்றை எடுத்து மூடியின் நடுவில் துளை போட்டோம். மூடியைத் தாண்டியதும் ‘உஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம். பிட்டை உருவிவிட்டுக் குழாயைக் கவிழ்த்துத் துண்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டியதும் சோப்பு விரல் விரலாக இறங்கி வந்து சாய்ந்தது. உடம்பெல்லாம் ஈரப் பளபளப்பு, ஒரு பக்கம் மட்டும் பசையான கீறல். அவள் சோப்பைப் பார்க்கவில்லை, மூடியில் இருந்த துளையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அப்புறம்தான் சோப்பு வராததற்கு ஒரே காரணம் இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். குறைந்தது மூன்று இருக்கிறது. ஒன்று, நிஜமாகவே ஒட்டிக்கொள்வது: சோப்பு இன்னும் இளசாக, ஈரமாக இருந்து சுவரைப் பற்றிக்கொள்கிறது. இரண்டு, உறிஞ்சிப் பிடிப்பது, மேலே சொன்னது. மூன்றாவதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை: நாம் தள்ளுவதால் உண்டாகும் பிடிப்பு. மென்மையான சோப்பை ஒரு முனையில் அழுத்தினால் அது நீளத்தில் குறுகி அகலத்தில் பெருக்கும். பெருத்தால் சுவரை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு பலமாக அடைத்துக்கொள்ளும். பாட்டில் அடிப்பாகம் மாதிரி வளைந்த ஒன்றால் தள்ளினால் இன்னும் மோசம், நடுவில் குழியும், ஓரம் விரியும். தள்ளுவதற்குத் தட்டையான முகம் உள்ள மரக்கட்டைதான் சரி, குழாயின் உள்விட்டத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் போதும். அதையும் சோப்பு இறுகிய பிறகுதான் கையில் எடுக்க வேண்டும்.

ஃப்ரீசர் வைத்தியம் முதலாவது காரணத்துக்கும் மூன்றாவதற்கும் வேலை செய்கிறது, இரண்டாவதற்குச் செய்யாது. குளிரில் சோப்பு கெட்டியாகிறது, சற்றுச் சுருங்கவும் செய்கிறது. கெட்டியான சோப்பு தள்ளும்போது பெருக்காது. அப்புறம் வெளியே எடுத்து வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றிப் போடுகிறோமே, அது குழாயை விரிய வைக்கத்தான். பி.வி.சி. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. விரியும். 7 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் விட்டம் 0.15 மி.மீ. கூடும். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் சாதாரண எழுதும் தாளின் தடிமனைவிட அதிகம், சோப்பு நழுவ அது போதும். உள்ளே இருக்கும் சோப்பு சூடாவதற்குள் செய்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வெந்நீரில் குழாயை நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் சோப்பின் வெளித்தோல் கரைந்து கொழகொழவென்று ஆகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடியை அடைப்பதில் என் அபிப்பிராயம் இதனால் மாறிப்போனது. ஒட்டிய மூடி வேண்டவே வேண்டாம். கனமான பிளாஸ்டிக் தாளை இரண்டு மடிப்பாகக் குழாயின் வாயில் போர்த்தி, ரப்பர் பேண்டு போட்டு, அதன் மேல் டேப் சுற்றினால் போதும். எடுக்கிற அன்றைக்குக் கழற்றிவிட்டால் இரண்டு பக்கமும் திறப்பு, உறிஞ்சும் பிரச்சினைக்கே இடமில்லை. ஒழுகும் என்று பயந்தால் முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: அந்தத் தண்ணீரை அளந்தால் குழாய் எவ்வளவு பிடிக்கும் என்பதும் தெரிந்துவிடும், வாய்ப்பாட்டைத் தேட வேண்டாம். அளந்த பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

குழாய்க்கு ஏற்ற எண்ணெய்

சரி, காற்றுப் பிரச்சினை போயிற்று. மிச்சம் இருப்பது நிஜமான ஒட்டல். இதற்குத்தான் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள், அதில் பாதி சமையல் எண்ணெயைச் சுவரில் தடவு என்பது. அது எதிர்வேலை செய்யும். எண்ணெய் காஸ்டிக் சோடா என்ற காரத்தைப் பார்த்தால் சோப்பாகிவிடும், அதுதானே இந்தத் தொழிலே. சுவரில் தடவிய எண்ணெயும் ஊற்றிய கலவையோடு சேர்ந்து சோப்பாகி ஒன்றாகிவிடும், நடுவில் வழுக்கலாக எதுவும் மிஞ்சாது. கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் கோத்துக்கொண்ட பொருள், காரம் அந்தப் பிணைப்பைப் பிரிக்கிறது என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1823இலேயே புத்தகமாக எழுதிவிட்டார். (அந்த மனிதர் 102 வயது வரை இருந்தார்.) பெட்ரோலியம் ஜெல்லியிலும் மினரல் ஆயிலிலும் அந்தப் பிணைப்பு கிடையாது. காரம் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது, தடவியது தடவியபடியே இருக்கும். ஆகவே தடவுவதென்றால் அதுதான், அதுவும் மெல்லிய பூச்சாக.

தாள் விரிப்பது அதைவிட நல்லது, கொஞ்சம் பொறுமை வேண்டும். 7 செ.மீ. உள்விட்டத்துக்குச் சுற்றளவு 22 செ.மீ. வரும், 25 செ.மீ. அகலத்தில், கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் தாளை வெட்டிச் சுருட்டி உள்ளே விட்டு, விரலை விட்டுச் சுவரோடு படிய வைக்க வேண்டும். தாள் ஒன்றின் மேல் ஒன்று வரும் இடத்தில் சோப்பின் நீளத்துக்கும் ஒரு கோடு விழும். கலவை அந்தச் சந்தில் புகுந்து தாளுக்குப் பின்னால் போய்விட்டால் தாள் போட்டும் பிரயோசனமில்லை, அதனால் அந்த ஓரத்தில் ஒரு சொட்டு பெட்ரோலியம் ஜெல்லி தடவி ஒட்டிவிடுவது என் வழக்கம். தாளின் மேல் முனையைக் குழாயைவிட நான்கு விரல் நீளமாக விட்டால் பிடித்து இழுக்கத் தோதாக இருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் தாள் இன்னும் வழவழப்பாக வரும். குழாயை நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து, க்ளாம்ப் போட்டு இறுக்கி, எடுக்கும்போது தளர்த்துகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. அறுத்த இடத்தில் பிளாஸ்டிக் தூள், அந்தக் கோட்டிலிருந்து ஒழுகல், எவ்வளவு டேப் போட்டாலும் ஒரு மூலையில் கசிந்துகொண்டே இருக்கும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயும் தண்ணீரும். ஆலிவ் எண்ணெய் மட்டுமே போட்ட சோப்பு பெட்டியிலேயே நாள் கணக்கில் கொழகொழப்பாக இருக்கும். குழாய்க்குள் போட்டால் கேட்கவே வேண்டாம். பெட்டியில் ஒரு முகம் முழுவதும் காற்றுக்குத் திறந்திருக்கும், ஈரம் அந்த வழியாகப் போகும். குழாயில் காற்றுப் படுவது உள்ளங்கை அகல வட்டம் ஒன்றுதான். உள்ளே இருக்கிற தண்ணீர் உள்ளேயேதான் இருக்கும். ஆகவே சீக்கிரம் இறுகும் கொழுப்பு, தேங்காய் எண்ணெய், பாமாயில் மாதிரி, பாதிக்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீரையும் கைக்கு வந்தபடி ஊற்றக் கூடாது. காஸ்டிக் சோடாவின் எடையைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் குழாய்க்கு வேண்டாம். எண்ணெய் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பை அந்தத் தண்ணீரில் முதலிலேயே கரைத்துவிட்டால் கட்டி இன்னும் சீக்கிரம் இறுகும். சோடியம் லாக்டேட் கிடைப்பவர்கள் அதைப் போடலாம், வேலை ஒன்றுதான்.

கணக்கு எப்படி வருகிறது என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 7 செ.மீ., ஊற்றும் உயரம் 30 செ.மீ. என்றால் கொள்ளளவு 1,150 மி.லி. சொச்சம். அதில் பத்தில் ஏழு பங்கு எண்ணெய் என்று வைத்தால் 800 கிராம். 240 கிராம் தேங்காய் எண்ணெய், 240 பாமாயில், 280 ஆலிவ், 40 விளக்கெண்ணெய். ஒவ்வொரு எண்ணெயும் ஒரு கிராமுக்குக் கேட்கும் காஸ்டிக் சோடா வேறு வேறு: தேங்காய்க்கு 0.183, பாமாயிலுக்கு 0.141, ஆலிவுக்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 120 கிராம். எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சட்டும் என்று கழித்தால் 114. தண்ணீர் 228. எல்லாம் சேர்த்து 1,140 கிராம் சொச்சம், குழாயின் வாய் வரை வந்து நிற்கும். எண்ணெயை மாற்றினால் சோடாவையும் மறுபடி கணக்குப் போட வேண்டும், இதில் குத்துமதிப்பு கூடாது. எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி பற்றி இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கலவை எந்தப் பதத்தில் இருக்கும்போது ஊற்றுவது என்பதும் குழாயில் வேறுதான். ரொம்ப நீர்க்க இருந்தால் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளின் மடிப்பைத் தேடிப் போய் ஒழுகும். ட்ரேஸ், அதாவது எண்ணெயும் சோடாக் கரைசலும் கலந்து கெட்டிப்படத் தொடங்கும் பதம், முற்றி அல்வா மாதிரி ஆகிவிட்டால் குழாயின் வாயிலேயே உட்கார்ந்துகொண்டு கீழே காற்றைச் சிறைப்பிடிக்கும், வெட்டும்போது துண்டுக்குத் துண்டு ஓட்டை. கரண்டியால் எடுத்துச் சொட்டினால் மேலே ஒரு கோடு நின்று மறைய வேண்டும், அந்தப் பதம் போதும். குழாயைச் சற்றுச் சாய்த்துச் சுவர் வழியாகவே ஊற்றி, பாதியிலும் முடிவிலும் தரையில் தட்ட வேண்டும். இரண்டு மூன்று நிறத்தை மாற்றி மாற்றி ஒரே இடத்தில் நடுவில் ஊற்றினால் வெட்டியதும் மரத்தின் வளையம் மாதிரி வரும். குழாய் அச்சில் எனக்குப் பெட்டியைவிடப் பிடித்த ஒரே அலங்காரம் இதுதான். நிறுத்தி வைத்த குழாய் சாய்ந்துவிடும், அதை ஒரு வாளிக்குள் நிறுத்திச் சுற்றிலும் துணி அடைத்துவிடுவது நல்லது. இன்னும் உறையாத கலவை தரையெங்கும் ஓடினால் துடைப்பது சின்ன வேலை இல்லை.

உள்ளே ஏறும் சூடு

பி.வி.சி. வெப்பத்தை லேசில் கடத்தாது, ஏறத்தாழ மரத்தைப் போலத்தான். எண்ணெயும் சோடாவும் சேரும்போது உண்டாகும் சூடு உள்ளேயே தங்கிவிடும், நடுவில் அதிகமாக, சுவரோரம் குறைவாக. சூடு போதிய அளவு ஏறினால் சோப்பு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் ஜெல்லாகி அப்புறம் உறையும். நடுப்பகுதி மட்டும் ஜெல்லாகி ஓரம் ஆகாமல் விட்டால், வெட்டிய ஒவ்வொரு வட்டத்திலும் நடுவில் கொஞ்சம் கருத்த இன்னொரு வட்டம் தெரியும். பெட்டியிலும் இது வரும், ஆனால் சதுரத் துண்டில் அது கறை மாதிரித் தெரியும். வட்டத்துக்குள் வட்டமாக வரும்போது வேண்டுமென்றே செய்தது போல இருக்கிறது, அதனால் நான் அதைத் தடுக்க மெனக்கெடுவதில்லை. தடுக்க வேண்டும் என்றால் இரண்டு வழி: குழாயைக் கம்பளியில் சுற்றி ஓரம் வரை ஜெல்லாக விடுவது, இல்லையென்றால் ஊற்றியதுமே குளிரில் வைத்து ஜெல்லே ஆகாமல் பார்த்துக்கொள்வது. பாதிக் கிணறு தாண்டினால்தான் அந்த வளையம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாதாரணப் பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் தண்ணீருக்கு ஆகாது என்பார்கள், 80 டிகிரியை நெருங்கினால் இளகும். ஜெல்லாகும் சோப்பு 70 டிகிரியைத் தாண்டுவது சகஜம். நின்ற வாக்கில் இருக்கும் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. படுக்க வைத்தாலோ மேலே பாரம் ஏற்றினாலோ முட்டை வடிவத்துக்குப் போய்விடும், அப்புறம் கட்டையும் நுழையாது, சோப்பும் வராது. ஓவனில் வைத்துச் சூடேற்றும் முறையைக் குழாய் அச்சோடு சேர்க்கவே கூடாது. பாலோ தேனோ சர்க்கரையோ போட்ட கலவை தானாகவே கொதிக்கும் அளவுக்குச் சூடேறக்கூடும். பெட்டியில் அது மேலே வெடித்துப் பிளவோடு நின்றுவிடும். குழாயில் போக ஒரே வழிதான், பொங்கி வாய் வழியாக வழியும். பால் சோப்புக்குக் குழாய் வேண்டாம் என்பது என் கட்சி. பிடிவாதமாகச் செய்பவர்கள் மேலே மூன்று விரல் இடம் விட்டு, குளிரில் வைத்துக்கொள்ளட்டும்.

குழாயில் விஷம் இருக்காதா

இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும், கேட்பதும் நியாயம்தான். காஸ்டிக் சோடா பி.வி.சி.யை அரிக்காது. தொழிற்சாலைகளில் சோடாக் கரைசலையே இந்தக் குழாய்களில்தான் கொண்டுபோகிறார்கள். அரிக்கப்படுவது அலுமினியம், அதில் சோடா பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அலுமினியக் குழாயை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் பற்றித்தான் பலரும் பயப்படுகிறார்கள். அவை வளையும் ஹோஸ்களில் இருக்கும் சமாச்சாரம், விறைப்பான குழாயில் அவற்றைச் சேர்ப்பதில்லை. நான் கவலைப்படுவது ஈயத்தைப் பற்றி. பி.வி.சி. சூட்டில் சிதையாமல் இருக்க ஒரு நிலைநிறுத்தி சேர்க்க வேண்டும், நெடுங்காலம் அதற்கு ஈய உப்புகளைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போது பல இடங்களில் கால்சியம்-துத்தநாகத்துக்கும் வெள்ளீயத்துக்கும் மாறிவிட்டார்கள். ஆகவே ‘மிச்சம் கிடக்கிற குழாய்த் துண்டு’ என்ற பேச்சு எனக்கு இந்த விஷயத்திலும் உறுத்துகிறது. எந்தக் காலத்துக் குழாய், எதற்காகச் செய்தது, உள்ளே என்ன ஓடியது என்று தெரியாத துண்டில் நான் ஊற்ற மாட்டேன். குடிநீருக்கென்று முத்திரை குத்திய புதுக் குழாயில் ஒரு துண்டு வாங்கி, உள்ளே தாள் விரித்துக்கொண்டால் சோப்பு பிளாஸ்டிக்கைத் தொடவே தொடாது. ஆக, அது இலவச அச்சு இல்லை. அதை ஒப்புக்கொண்டுவிட்டால் மீதிக் கணக்கெல்லாம் நேராகிவிடுகிறது.

அப்படியானால் எதற்குக் குழாய்? எனக்குத் தெரிந்து இரண்டே காரணம். சோப்பின் மேல் படியும் அந்த வெள்ளைப் பொடி காற்றுப்பட்ட முகத்தில்தான் படியும். பெட்டியில் ஒவ்வொரு துண்டின் ஒரு பக்கத்திலும் அது இருக்கும், சீவித் தள்ள வேண்டும். குழாயில் மேல் நுனித் துண்டு ஒன்றோடு போயிற்று. இன்னொன்று, வட்டத் துண்டுக்கு மூலை கிடையாது, புதுச் சோப்பின் கூர் முனை கையில் உறுத்துவதில்லை, தேயும்போதும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேயும்.

ஃப்ரீசரில் இருந்து எடுத்த உருளையை உடனே வெட்டக் கூடாது, நொறுங்கும். மேலே வியர்த்த ஈரம் காய்ந்து, அறையின் சூட்டுக்குத் திரும்பிய பிறகு கம்பியால் வெட்டலாம். உருளை உருண்டுகொண்டே இருப்பதால் கத்தி கோணலாகத்தான் போகும். அதே குழாயில் மிஞ்சிய துண்டை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து தொட்டில் மாதிரி வைத்து, அதில் சோப்பைப் படுக்க வைத்து வெட்டினால் நேராக வரும். 2.5 செ.மீ. தடிமனுக்கு வெட்டினால் ஒரு துண்டு ஈரத்தோடு 95 கிராம் சொச்சம் நிற்கும். அப்புறம் நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும். வட்டமாக இருப்பதால் படுக்க வைத்தால் அடி முகம் காற்றைப் பார்க்காது, விளிம்பில் நிறுத்தி வைத்தால் இரண்டு முகமும் காயும், உருண்டு விழாமல் இருக்க மட்டும் இரண்டு பக்கமும் குச்சி வைக்க வேண்டும். குழாய் வாங்கும்போது பெரிய விட்டத்துக்கு ஆசைப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது 10 செ.மீ. கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அளவுச் சோப்பைச் சிறு பிள்ளைகளால் பிடிக்கவே முடியாது, நனைந்ததும் பெரியவர்கள் கையிலிருந்தும் வழுக்கும். 7 செ.மீ. போதும், பிள்ளைகளுக்கு என்றால் 5.